பதினேழாவது விரிப்பு

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

இந்த டைரி 2011-ஆம் வருஷத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் பழைய பேப்பர் கடையில் கிடந்தது என்று ஜெசிந்தா டீச்சர் எடுத்து வந்தார். எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். "ஒரு நாளைக்கு எத்தன விரிப்பு தச்சீங்கன்னு இதுல எழுதி வைங்கக்கா, மேல கேட்டா காட்டணும்லா" என்றார். அச்சடித்த கிழமை எதுவும் ஒத்துவரவில்லை. அதை அடித்துவிட்டு நான் எழுதிக்கொள்கிறேன். எங்கள் கொட்டகையில் எது புதிதாக இருக்கிறது, டைரி மட்டும் புதிதாக இருக்க.

வேலை இதுதான். இறந்தவர்களுக்குக் காரியம் செய்ய எங்கள் படித்துறைக்கு வெளியூரிலிருந்து வருவார்கள். இறந்தவர் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அவர்கள் பார்க்காததை நாங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. துணி கடலுக்கா போகிறது? பாறையிலும் மதகிலும் மாட்டிக்கொண்டு, குளிக்கிறவர் காலைச் சுற்றும். நாங்கள் ஆறு பெண்கள் அதை அள்ளி, சோடா உப்புப் போட்டு அவித்து, உலர்த்தித் தைக்கிறோம். போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போர்வை. இந்த வருஷம் நான்கு அங்கன்வாடிகளுக்கு நாற்பது விரிப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். மழை வந்தால் அந்தச் சிமெண்டுத் தரை சில்லிட்டுப் போகும், பிள்ளைகள் இருமிக்கொண்டே தூங்கும்.

அவிப்பது பேச்சியக்கா. தைப்பது நான். பேச்சியக்கா ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். கத்திரி படுவதற்கு முன்னால் எந்தத் துணியையும் கையால் ஒரு விரற்கடை கிழிக்க வேண்டும். கிழித்து, "இனி இது துணி" என்று சொல்ல வேண்டும். அதுவரை அது ஆளுடையதாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவளிடம் வாயைக் கொடுத்தவர் யாரும் முழுசாகத் திரும்பியதில்லை, அதனால் கிழிக்கிறேன்.

இன்றைக்கு நான்கு தள்ளுவண்டி துணி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விரிப்பு மூன்று. நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று வந்தது. துணி நன்றாக இருந்ததால் தனியே எடுத்து வைத்தேன். இரண்டாவது பித்தானைச் சிவப்பு நூலில் தைத்திருக்கிறது. எந்தத் தையல்காரியோ நீல நூல் தீர்ந்துபோன அவசரத்தில் தைத்திருப்பாள்.

கிழிக்கவில்லை. மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விரிப்பு இரண்டுதான். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். என் மகள் வடிவுக்கு இருபத்திரண்டு வயது, மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பையன் நல்ல பையன். வடை நன்றாக வந்தது.

"சம்பந்தி எப்ப வாராக?" என்று பையனின் அம்மா கேட்டாள். "ஐப்பசியில வந்துருவாக, லீவு சொல்லியாச்சு" என்றேன். வடிவின் அப்பா ஏழு வருஷமாகப் பம்பாயில் லாரி ஓட்டுகிறார். மாதம் ஒரு தடவை எனக்குப் போன் செய்வார். சண்டை போட்டுக்கொண்டு போனவர்தான், ஆனாலும் போன் மட்டும் தவறாது. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் ரயிலேறினார்.

காப்பித் தட்டோடு நின்ற வடிவு எல்லோர் முன்னாலும், "எங்கப்பா வந்து தாரை வாத்துக் குடுத்தாத்தான் கல்யாணம்" என்றாள். சபையில் இப்படியா பேசுவது. பையன் வீட்டார் சிரித்தார்கள். எனக்குத்தான் வேர்த்துவிட்டது. நவம்பர் எட்டு முகூர்த்தம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சேலையெல்லாம் அரை மணியில் காய்கிறது. அந்த நீலச் சட்டை மூன்று நாளாகக் கொடியில் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மெல்லிய பருத்திதான், ஈரம் பிடித்து வைத்துக்கொள்கிற துணி இல்லை. முறுக்கிப் பிழிந்து இஸ்திரி போட்டேன். புகையாக ஆவி வந்தது. மடித்து வைத்துக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மறுபடி ஈரம். குளியலறையில் தொங்கவிட்டுக் கீழே வாளி வைத்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் கால் வாளி. அடியில் ஆற்று மணல்.

துணிக்குள் மணல் ஏறியிருக்கும்.

பேச்சியக்கா கேட்டாள், "ஏளா உலகு, அந்த நீலச் சட்டைய என்னளா செஞ்சே?"

"தச்சாச்சு."

"கிழிச்சியா?"

"கிழிச்சேங்கேன்லா."

எதற்குக் கத்தினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

இன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். சட்டையின் பையை மட்டும் வெட்டி எடுத்தேன், கத்திரியால்தான். பதினேழாவது விரிப்பின் மூலையில் வைத்துத் தைத்துவிட்டேன். பிள்ளைகள் கைக்குட்டை வைத்துக்கொள்ளட்டும். நான்கு விரல் அகலம், ஐந்து விரல் ஆழம்.

தைத்து முடித்ததும் பை உலர்ந்துவிட்டது. மீதிச் சட்டை இன்னும் சொட்டுகிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

முதல் இருபது விரிப்புகளைக் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் அதன்மேல் உருண்டு புரண்டதைப் பார்க்க வேண்டும். பட்டுக்கரை, பூப்போட்ட சுங்கடி, யாரோ தாத்தாவின் துண்டு, எல்லாம் ஒட்டிப் பளபளவென்று இருக்கிறது. இறந்துபோனவர்களின் துணி என்று தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள் என நினைத்தேன். "அவிச்சுத்தான தச்சிருக்கீக" என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். மழைக்காலம் கிட்ட வருகிறபோது யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

பதினேழுக்குத்தான் அடிதடி. இசக்கிப்ரியா என்கிற மூன்றரை வயசுக் குட்டி, பீடி சுற்றுகிற சுடலியின் மகள், அதை யாருக்கும் விடுவதில்லையாம். பைக்குள் கையை விட்டுக்கொண்டால்தான் தூங்குகிறாளாம்.

டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார், "பைக்குள்ள கை இருக்காம்க்கா. புடிச்சிக்கிடுதாம். இதுக எங்கருந்துதான் படிச்சிட்டு வருதுகளோ."

நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 4, புதன்

விரிப்பு ஒன்று. தலைவலி.

டீச்சர் வழியில் பார்த்தார். இன்றைக்குச் சிரிக்கவில்லை. "அந்தப் பையப் பிரிச்சிருங்கக்கா" என்றார். ஏன் என்று கேட்டேன். "சும்மாதாங்க்கா. மணல் கெடக்கு. ஈர மணலு." தன் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பேசினார். வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுத உட்கார்ந்தோம். வடிவு பேனாவை வைத்துக்கொண்டு, "அப்பா பேருக்கு முன்னால என்ன போட?" என்றாள்.

"திருன்னு போடு. வேற என்ன போட?"

"அப்பாட்ட ஒரு வார்த்த கேக்கலாம்லா. போன் நம்பர் குடு, நான் பேசுதேன்."

"அவுக நம்பர் மாறிக்கிட்டே இருக்கும். அவுகளாத்தான் கூப்பிடுவாக."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை எழுதினாள். கையெழுத்து அவரைப் போலவே, சாய்ந்து சாய்ந்து. எனக்கு இவளைவிட்டால் யாரும் இல்லை. இவள் என்னை வெறுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்.

வாளி இன்றைக்கு இரண்டு தடவை நிறைந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

மத்தியானம் வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து மதகுக்குக் கீழே போனேன். அங்கேதான் ஆழம். சட்டையைச் சுருட்டி உள்ளே கல் வைத்து, இரண்டு கைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வீசினேன். இந்த முறை பெரிய கல்.

மேலே கடைசியாக எழுதிய வரியை அடிக்கப் பார்த்தேன். மை தீர்ந்துவிட்டது. இப்போது பென்சிலில் எழுதுகிறேன். அடிக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

குவியலின் மேலேயே கிடந்தது.

முடிச்சு இல்லை. கல் இல்லை. கைகள் இரண்டும் விரித்துக் கிடந்தன, மணிக்கட்டுப் பித்தான் போட்டிருந்தது. நான் அதைப் போட்டு வீசவில்லை. அவர்தான் எப்போதும் மணிக்கட்டுப் பித்தானைப் போடுவார், வேகாத வெயிலிலும்.

பேச்சியக்கா எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள். பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலச் சதுரமாக இருந்தது. அதில் விரலை வைத்துத் தடவினாள். மற்ற நான்கு பேரையும் படித்துறைக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு சட்டன்னு நான் கேக்கல. செவப்பு நூலுல பித்தான் தைக்கிற சோம்பேறி இந்த ஊர்ல நீ ஒருத்திதான். கிழிக்காமலா வெட்டுன?"

நான் கத்திரியை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறச்சிறலாம்னு நெனச்சியாளா? ஏழு வருசமா ஊரே அந்தச் சோத்தத்தான் தின்னுக்கிட்டிருக்கு. பம்பாயில இருக்காராம், லாரி ஓட்டுதாராம். நாங்களும் சரி சரின்னு தலையாட்டுதோம். பொட்டப்புள்ள வச்சிருக்கா, பாவம்னு."

"அக்கா, போதும்."

"இந்தா, கிழி."

சட்டையை என் மடியில் போட்டாள். ஓரத்தைப் பிடித்தேன். மெல்லிய துணிதான், ஒரு இழுப்பில் வந்துவிடும். என்னால் முடியவில்லை. கிழித்துவிட்டால் அவர் இல்லை. கிழிக்காதவரைக்கும் பம்பாயில் இருக்கிறார். பொய்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பொய்க்குத்தான் நான் ஏழு வருஷமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மடியெல்லாம் நனைந்துவிட்டது. சட்டையை மறுபடி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன், விரிப்பு எதுவும் தைக்கவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

விரிப்பு முப்பத்து மூன்று வரை முடிந்தது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 30, திங்கள்

பையைப் பிரிக்கத்தான் போனேன். பிளேடு எடுத்துக்கொண்டு போனேன்.

மத்தியானம் ஒரு மணி. சாம்பார் சாதமும் முட்டையும் தின்றுவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டன. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் வாசலில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. இசக்கிப்ரியா பதினேழின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை முழங்கைவரை பைக்குள் இருந்தது. ஐந்து விரல் ஆழம்தான் அந்தப் பை. அளந்து தைத்தவள் நான்.

மெதுவாக அவள் கையை எடுத்துவிட்டேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, ரொம்ப நேரம் ஆற்றில் குளித்த மாதிரி. பிளேடை எடுத்தேன். அப்புறம், ஏன் என்று தெரியாது, கீழே வைத்துவிட்டு என் கையை உள்ளே விட்டேன்.

துணி முடிகிற இடத்தில் துணி முடியவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது. சில்லென்று இருந்தது. பிறகு விரல்கள் வந்தன. அவசரமில்லாமல், ரோடு கடக்கும்போது பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்தன. பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. ஜாக்கி கம்பி விழுந்து பிளந்த நகம். நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

பயமாக இல்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஏழு வருஷத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குப் பயமில்லாமல் இருந்தது.

"ஆத்துல விழுந்து தொலைன்னு சொன்னேன்" என்றேன். பிள்ளைகள் எழுந்துவிடாமல் மெதுவாகத்தான் சொன்னேன். "வெள்ளம் போற நேரத்துல அப்படிச் சொல்லலாமா. எனக்கு நாக்குல சனி. நீங்க போவீங்கன்னு நெனைக்கல."

கை விடவில்லை. இறுக்கவும் இல்லை. என்னிடமிருந்து அது எதையும் கேட்கவில்லை என்று தோன்றியது. சொல்ல வேண்டியது அதனிடம் இல்லை, வேறு ஒருத்தியிடம் என்று எனக்கே தெரியும்.

நான்தான் கையை உருவிக்கொண்டேன். முழங்கைவரை மணல் ஒட்டியிருந்தது. பையைப் பிரிக்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

வடிவிடம் சொல்லிவிட்டேன். சொன்னதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் முதலில். "மாசாமாசம் போன் வந்துச்சும்பியே, பாதி நாளு உன் போன் என் பையிலதான் கெடந்துச்சு. அப்பா வந்து தாரை வாத்தாத்தான் கல்யாணம்னு நான் ஏன் சொன்னேன்னு நெனைக்க? நீயா வாயத் தொறப்பன்னுதான்."

அத்தோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். பிறகு கேட்டாள்.

"படிக்கட்டுல சட்டையும் செருப்பும் இருந்துச்சுன்னு சொல்லுத. அதப் பாத்ததும் ஊரக் கூட்டியிருக்கலாம்லா? கல்ல வச்சுக் கட்டி ஆத்துல போட்டிருக்க. அப்பாவ ஒரு ஆளுகூடத் தேடலயேம்மா. ஒரு நாளாவது தேடியிருந்தா... கெடச்சிருக்க மாட்டாக, சரி. தேடுனோம்னாவது இருந்திருக்கும்லா."

'தற்கொலை செய்தவன் மகள்' என்று உன்னைச் சொல்வார்கள் என்றுதான் செய்தேன் என்றேன். அது பாதி உண்மை. 'புருஷனை ஆற்றுக்கு அனுப்பியவள்' என்று என்னைச் சொல்வார்கள் என்பது மீதிப் பாதி. அதையும் சொன்னேன்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வேளையும் சாப்பிடவில்லை. நானும்தான்.

வாளி காலியாக இருந்தது. குளியலறையில் சட்டை தொங்குகிறது, சொட்டவில்லை. ஆனால் ஈரம் இருக்கிறது.

அக்டோபர் 2, புதன். மகாளய அமாவாசை

விடியற்காலை வடிவு வந்து என் காலைத் தட்டி எழுப்பினாள். குளித்து முடித்திருந்தாள். "பெட்டியில அப்பா வேட்டி வச்சிருக்கேல்லா, எடு" என்றாள். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

படித்துறையில் கூட்டம். எள்ளும் தண்ணீரும் மகளே இறைத்தாள். ஐயர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், மந்திரத்தை நிறுத்தவில்லை. வேட்டியை நான் விட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எத்தனை கஷ்டம் என்று இத்தனை வருஷம் துணி அள்ளியும் எனக்குத் தெரியாமல் போயிற்று. பத்தாவது படி வரைக்கும் முதுகு குளிர்ந்துகொண்டே வந்தது. வடிவு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து தாலியில் கை வைத்தேன். "அதத் தொடாத" என்றாள். "மணவறையில நீதான் என் பக்கத்துல நிக்கணும். எவ என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்." மாப்பிள்ளை வீட்டுக்கு அவளே போன் செய்து எல்லாம் சொன்னாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாளாம். பிறகு, "எதுக்குத்தா உங்கம்மா இத்தன வருசம் சொமந்தா" என்றாளாம். பத்திரிகையில் காலியாக விட்ட இடத்தில் 'தெய்வத்திரு' என்று எழுதினாள்.

இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதை நான் கேட்க முடியாது.

அக்டோபர் 3, வியாழன்

அமாவாசைக்கு மறுநாள் குவியல் மலையாக இருக்கும். ஊரில் யார் துணி விட்டாலும் மறந்துவிடலாம், நான் மறுநாள் அதையே அள்ள வேண்டும். வேட்டியைப் பேச்சியக்காதான் எடுத்தாள். அதன் கரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

முதலில், வீட்டிலிருந்து எடுத்துப்போன சட்டை. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். இவ்வளவு சத்தம் வரும் என்று நினைக்கவில்லை, ஆற்றங்கரை முழுக்கக் கேட்டிருக்கும். "இனி இது துணி." பிறகு வேட்டி. "இனி இது துணி." அப்புறம் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஐந்து பெண்களும் வேலையை நிறுத்தவில்லை. யாரும் பக்கத்தில் வரவில்லை. அதற்காக அவர்களுக்கு நன்றி.

கொடியில் போட்டேன். சட்டை அரை மணியில் காய்ந்துவிட்டது.

அக்டோபர் 14, திங்கள்

நாற்பதும் முடிந்தது. சட்டை முப்பத்தெட்டில் போயிற்று. வேட்டி முப்பத்தொன்பதுக்கும் நாற்பதுக்கும் அடித்துணியாயிற்று. அதில் ஒரு துண்டு மிச்சம் வைத்திருந்தேன்.

மத்தியானம் அங்கன்வாடிக்குப் போய்ப் பதினேழின் பழைய பையைப் பிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, ஐந்து விரல் ஆழம்தான். அந்த இடத்தில் வேட்டித் துண்டில் புதுப் பை வைத்துத் தைத்தேன். டீச்சர் பக்கத்திலேயே நின்றார்.

இசக்கிப்ரியா சாப்பிட்டுவிட்டு ஓடிவந்து படுத்தாள். கையை உள்ளே விட்டாள். துழாவினாள். எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, "யாரும் இல்ல" என்றாள்.

"இல்லத்தா" என்றேன். "போய்ட்டாக."

உதட்டைப் பிதுக்கினாள். இப்போது அழப் போகிறாள் என்று தெரிந்தது, மற்றதுகளையும் எழுப்பிவிடுவாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் அவள் பக்கத்தில் தரையில் படுத்து, என் கையைப் பைக்குள் விட்டேன். விரல் நுனிதான் உள்ளே போனது. அவளும் விட்டாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

கண் சொருகிக்கொண்டு போகும்போது, "அதே கைதான்" என்றாள்.

மூன்று மணி வரை நான் கையை எடுக்கவில்லை.